ஹேண்டில்பாரை மாற்றும் முன் அளவு நாடாவை எடுங்கள்

கேள்வி: ஐயா, நான் போடிநாயக்கனூரில் வசிக்கிறேன். வயது 34, உயரம் 5 அடி 5 அங்குலம். 2022ஆம் ஆண்டு வாங்கிய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பைக் வைத்திருக்கிறேன். இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், ஏபிஎஸ் உண்டு. விடுமுறை நாட்களில் மனைவியைப் பின்னால் அமர்த்திக்கொண்டு போடிமெட்டு வழியாக மூணாறு வரை போய் வருவது எங்கள் வழக்கம். ஒரு மணி நேரம் ஓட்டினால் தோள்பட்டை வலிக்கிறது. வலது கையில் மட்டும் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப் போகின்றன. உயரமான ஹேண்டில்பார் போட்டால் நிமிர்ந்து உட்காரலாம், வலி போய்விடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். 14 அங்குல உயரத்தில் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். அதே வடிவத்தில் பைப்பை வளைத்துப் பாதி விலைக்குத் தருவதாக இங்குள்ள ஒரு வெல்டிங் பட்டறையிலும் சொல்கிறார்கள். எதை வாங்கலாம்? வயர்களையெல்லாம் மாற்ற வேண்டியிருக்குமா? போலீஸ் பிடிப்பார்களா?

பதில்: 14 அங்குல ஹேண்டில்பாரை வாங்க வேண்டாம். பட்டறையில் வளைத்துத் தருவதை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். உங்கள் வலிக்கு வழி இருக்கிறது. அதன் முதல் பாதிக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த வரி, வலது கையில் மட்டும் விரல்கள் மரத்துப் போகின்றன என்பது. ஹேண்டில்பாரின் வடிவம்தான் காரணம் என்றால் இரண்டு கையும் ஏறக்குறைய ஒரே மாதிரி மரத்துப் போக வேண்டும். இடது கை நன்றாக இருக்கிறது. வலது கை செய்து இடது கை செய்யாத வேலை ஆக்சிலேட்டரைத் திருகிப் பிடித்திருப்பது. ஆகவே தேடலை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

சுண்டுவிரலுக்கும் மோதிர விரலின் பாதிக்கும் உணர்ச்சி தரும் நரம்பு, உள்ளங்கையின் அடிப்புறத்தில் சுண்டுவிரல் பக்கமாக ஒரு குறுகலான இடத்தின் வழியாகப் போகிறது. உடலின் பாரம் அந்த இடத்தில் விழுந்தாலும், மணிக்கட்டு மடங்கிய நிலையிலேயே நெடுநேரம் இருந்தாலும், அந்த நரம்பு நசுங்கும். 350 சிசி ஒற்றை சிலிண்டர் என்ஜினின் அதிர்வும் சேர்ந்தால் விரல் மரத்துப் போக அதிக நேரம் ஆகாது. எனவே முதலில் என்ஜினை அணைத்துவிட்டு ஆக்சிலேட்டரைத் திருகிப் பாருங்கள். முழுவதும் திருகிக் கையை விட்டால் டக்கென்று பழைய இடத்துக்கு வர வேண்டும். இழுத்துப் பிடிப்பது போலவோ மெதுவாகத் திரும்புவது போலவோ இருந்தால் வயர் எங்கோ மடங்கியிருக்கிறது, அல்லது உள்ளே அழுக்கு சேர்ந்திருக்கிறது, அல்லது கிரிப்பின் விளிம்பு பக்கத்து ஸ்விட்ச் பெட்டியில் உரசுகிறது. இதைச் சரிசெய்தாலே பலருக்கு மரத்துப் போவது பாதியாகக் குறைந்துவிடுகிறது. வண்டியில் ஏறாத நாட்களிலும், இரவில் தூங்கும்போதும் விரல் மரத்தால் அது மெக்கானிக்கிடம் கேட்கும் கேள்வி அல்ல, மருத்துவரைப் பாருங்கள்.

அடுத்தது கோணம். இப்போதுள்ள ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட்டுகளைக் கழற்ற வேண்டாம், தளர்த்தினால் போதும். வண்டியை மெயின் ஸ்டாண்டில் போட்டு, மனைவியைப் பக்கத்தில் நிறுத்தி ஹேண்டில்பாரை லேசாகத் தாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடி, தோளைத் தளர்த்தி, இரண்டு கைகளையும் நீட்டுங்கள். கை தானாக எங்கே போய் நிற்கிறதோ, கிரிப் அந்தக் கோணத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலும் சில பாகை முன்னோ பின்னோ திருப்பினால் போதும். அதிகம் திருப்பினால் கிரிப்பின் முனை கீழ்நோக்கிச் சாய்ந்து, பாரம் மறுபடியும் உள்ளங்கையின் வெளிப்பக்கத்தில்தான் விழும். பிறகு பிரேக் லீவரையும் கிளட்ச் லீவரையும் சரிசெய்யுங்கள். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரே நேர்கோடாக வந்து லீவரின் மேல் விரல் படிய வேண்டும். லீவர் மேலே தூக்கியிருந்தால் ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் மணிக்கட்டு பின்னால் மடங்கும். போடிமெட்டு மாதிரியான மலைப்பாதையில், ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கும் கிளட்சும் பிடித்து இறங்குகிறவருக்கு இது சின்ன விஷயமே அல்ல.

இந்த இரண்டையும் செய்து, தளர்த்திய போல்ட்டுகளை மறுபடி இறுக்கிவிட்டு, ஒரு முறை மூணாறு போய் வாருங்கள். வலி போய்விட்டால் ஹேண்டில்பாருக்கு எடுத்து வைத்த பணத்தில் நல்ல டயர் வாங்கலாம்.

தோள் வலி மட்டும் மிஞ்சினால், அப்போது புது ஹேண்டில்பாரைப் பற்றிப் பேசலாம். 14 அங்குலம் ஏன் கூடாது என்று அதற்கு முன் சொல்லிவிடுகிறேன். நண்பர்கள் சொல்வதில் நிமிர்ந்து உட்காரலாம் என்பது வரை உண்மை. ஆனால் கையைத் தோளுக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். வண்டியே தேவையில்லை, வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தே பார்க்கலாம். தோள் தசை ஓய்வே இல்லாமல் வேலை செய்யும். உங்களுக்கு ஏற்கெனவே வலிக்கும் இடம் அதுதான். மேல் உடல் முழுவதும் நிமிர்ந்து காற்றுக்கு எதிராக நிற்பதால், 80 கிலோமீட்டர் வேகத்தில் நீங்கள் ஹேண்டில்பாரைப் பிடித்துத் தொங்குவீர்கள். நேரான, அகலமான நெடுஞ்சாலைகளில் தாழ்ந்த சீட்டும் நீண்ட உடலும் கொண்ட கனமான வண்டிகளில் வளர்ந்த பாணி அது. அமெரிக்காவிலேயே சில மாநிலங்கள் கை தோளுக்கு மேல் எவ்வளவு போகலாம் என்று சட்டத்தில் வரம்பு வைத்திருக்கின்றன.

இதைவிட முக்கியமானது கொண்டை ஊசி வளைவு. உயரமாகவும் பின்னால் இழுத்தும் வளைத்த ஹேண்டில்பாரை முழுவதும் ஒரு பக்கம் திருப்பினால் ஒரு முனை உங்கள் வயிற்றுக்கு வரும், மறுமுனை கைக்கு எட்டாத தூரத்துக்குப் போகும். 5 அடி 5 அங்குலம் உயரமுள்ளவருக்கு, இடது பக்கம் ஒடித்துத் திருப்பும்போது எட்டாமல் போவது வலது கை; ஆக்சிலேட்டரும் முன் பிரேக்கும் இருப்பது அங்கேதான். போதாததற்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பின் சக்கரத்தில் பாரம் கூடி, ஏற்றத்தில் முன் சக்கரம் இயல்பாகவே லேசாகும். ஓட்டுகிறவரும் பின்னுக்குச் சாய்ந்து உட்கார்ந்தால் அது இன்னும் லேசாகும். உங்கள் மனைவியையும் நினைத்துத்தான் வேண்டாம் என்கிறேன்.

உங்களுக்குத் தேவைப்படக்கூடிய மாற்றம், அநேகமாக 20 முதல் 30 மில்லிமீட்டர் உயரமும், அதே அளவு அல்லது கொஞ்சம் கூடுதலாகப் பின்னால் வருவதும்தான். கேட்கும்போது ஒன்றுமே இல்லாதது போலத் தோன்றும். ஓட்டும்போது வேறு வண்டி போல இருக்கும்.

எவ்வளவு தேவை என்பதை ஊகிக்க வேண்டாம், அளந்துவிடலாம். வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, கிரிப்பைப் பிடித்தபடி, பக்கவாட்டிலிருந்து ஒரு புகைப்படம் எடுக்கச் சொல்லுங்கள். முழங்கை லேசாக மடங்கியிருக்கிறதா, விறைத்து நீண்டிருக்கிறதா என்று பாருங்கள். விறைத்திருந்தால் சாலையின் ஒவ்வொரு பள்ளமும் நேராகத் தோளுக்கு வரும். முழங்கை இயல்பாக மடங்கும் வரை கையைக் கிரிப்பிலிருந்து எடுத்துப் பின்னாலும் மேலும் கொண்டு வாருங்கள். அந்த இடத்துக்கும் கிரிப்புக்கும் இடையே உள்ள தூரத்தை இன்னொருவர் அளவு நாடாவால் அளக்கட்டும். எவ்வளவு மேலே, எவ்வளவு பின்னே என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கடைக்குக் கொண்டுபோக வேண்டியது இந்த இரண்டு எண்களையும்தான். நண்பரின் வண்டிப் படத்தை அல்ல.

இனி வயர்கள். இதற்கும் சோதனை உண்டு. கிளாம்ப்பின் மேல் மூடியைக் கழற்றி, ஹேண்டில்பாரை அப்படியே தூக்கி, அடியில் 25 மில்லிமீட்டர் கனமுள்ள மரக்கட்டையை வையுங்கள். நகராமல் ஒருவர் பிடித்துக்கொள்ள, முன் சக்கரத்தை இடது கோடி வரையிலும் வலது கோடி வரையிலும் மெதுவாகத் திருப்புங்கள். கிளட்ச் வயர், ஆக்சிலேட்டர் வயர், முன் பிரேக் ஓஸ் (பிரேக் ஆயில் போகும் குழாய்), இரண்டு பக்க ஸ்விட்ச்சுகளின் வயரிங் ஆகிய எதுவும் விறைக்கக் கூடாது. எல்லாம் தளர்வாக இருந்தால் அந்த அளவுக்குள் இருக்கும் ஹேண்டில்பாரை எதையும் நீட்டாமல் போடலாம். ஏதாவது ஒன்று விறைத்தால், முதலில் அது போகும் பாதையைப் பாருங்கள். சில சமயம் ஒரு கிளிப்பிலிருந்து எடுத்து வேறு பக்கமாக விட்டாலே தேவையான நீளம் கிடைத்துவிடும். அப்படியும் போதாவிட்டால் உயரத்தைக் குறையுங்கள் என்பதே என் ஆலோசனை. காரணம் பிரேக் ஓஸ்.

கிளட்ச் வயரும் ஆக்சிலேட்டர் வயரும் நீளமாகக் கிடைக்கும், மாற்றுவதும் எளிது. பிரேக் ஓஸ் அப்படியல்ல. அதைத் திறந்தால் ஆயிலுக்குள் காற்று புகும். முழுவதும் ஏர் எடுத்தாக வேண்டும். ஏபிஎஸ் வண்டியில், லீவரை அழுத்தும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வரும் ஆயில் நேராக டிஸ்க் பிரேக்குக்குப் போவதில்லை, நடுவில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் கருவிக்குள் போய் வருகிறது. அதற்குள் காற்று சிக்கிவிட்டால் சாதாரணமாக லீவரை அழுத்தி, காற்றை வெளியேற்றும் சிறு திருகான நிப்பிளைத் திறந்து எடுக்கும் முறையில் வெளியேறாமல் போகலாம். சர்வீஸ் சென்டரில் உள்ள கணினிக் கருவியின் உதவி தேவைப்படும். ஓஸ் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் அங்கேயே மாற்றச் சொல்லுங்கள். ஓஸின் முனைப் போல்ட்டில் இருபுறமும் இருக்கும் செம்பு வாஷர்களைப் புதிதாகப் போட்டார்களா என்று கேளுங்கள். ஒருமுறை இறுக்கிய வாஷர் நசுங்கி இடத்துக்கு ஏற்ப அமர்ந்துவிடும், இரண்டாவது முறை கசியக்கூடும். டாட் 4 என்று குறிப்பிட்ட ஆயிலை, பிரிக்காத டப்பாவிலிருந்து ஊற்ற வேண்டும். திறந்து வைத்த ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும். ஈரம் சேர்ந்த ஆயில் மலை இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது சீக்கிரமே கொதித்துக் குமிழி விடும், லீவர் சொத்தென்று உள்ளே போகும்.

வாங்குவதில் உங்களுக்கு இரண்டு வழி. ஒன்று, பழைய ஹேண்டில்பாரையே வைத்துக்கொண்டு, அடியில் உயர்த்தும் துண்டு போடுவது. ரைசர் என்று கேட்டால் தருவார்கள். பின்னால் தள்ளி அமைத்த ரைசரும் கிடைக்கிறது. செலவு குறைவு, ஸ்விட்ச் எதையும் கழற்ற வேண்டாம், பிடிக்காவிட்டால் ஒரு மணி நேரத்தில் பழையபடி மாற்றிவிடலாம். உங்கள் நிலையில் நான் முதலில் இதைத்தான் போடுவேன். கவனிக்க வேண்டியது போல்ட்டின் நீளம். ரைசரின் உயரம் அளவுக்குப் போல்ட்டும் நீள வேண்டும். 8 மில்லிமீட்டர் போல்ட் என்றால், மரையில் குறைந்தது 8 மில்லிமீட்டராவது உள்ளே இறங்க வேண்டும். 12 இறங்கினால் நிம்மதி. பழைய போல்ட்டையே போட்டு, நாலு சுற்று மட்டும் பிடித்திருந்த வண்டிகள் என் பட்டறைக்கு வந்திருக்கின்றன. ஓட்டியவர்களுக்கு அது தெரியவே தெரியாது. ரைசரைத் தட்டிப் பாருங்கள், கையில் எடைபோட்டுப் பாருங்கள். முழு அலுமினியத்தில் கடைந்தது வேறு, அச்சில் வார்த்த மெல்லிய துண்டு வேறு. ரைசரின் மேல் ரைசர் அடுக்குவது அறவே கூடாது.

இன்னொரு வழி, புது ஹேண்டில்பார். இதில் பார்க்க வேண்டிய முதல் அளவு விட்டம். நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் பைப்பின் வெளிவிட்டம் 22 மில்லிமீட்டர். சந்தையில் 25.4 மில்லிமீட்டர், அதாவது ஒரு அங்குலப் பைப்பும் கிடைக்கும். அதில் உங்கள் கிரிப்பும் ஸ்விட்ச்சும் லீவரும் ஏறாது. நடுவில் 28.6 மில்லிமீட்டர் பருமனும் முனைகளில் 22 மில்லிமீட்டரும் உள்ள அலுமினியப் பைப் மூன்றாவது வகை. நல்ல பொருள்தான், அதிர்வு கொஞ்சம் குறைவு. ஆனால் நடுவில் பிடிக்கும் கிளாம்ப்பையும் மாற்ற வேண்டும். வெர்னியர் காலிப்பரால் உங்கள் பழைய பைப்பை மூன்று இடங்களில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு அகலம், உயரம், பின்னிழுப்பு. பழைய ஹேண்டில்பாரைக் கழற்றிய பிறகு அதைத் தரையில் வைத்துச் சாக்பீஸால் சுற்றிலும் வரைந்தால், புதிதாக வாங்குவதை அதன் மேல் வைத்து வித்தியாசத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். அகலத்தைக் குறைக்காதீர்கள். ஒடுங்கிய ஹேண்டில்பார் போக்குவரத்து நெரிசலில் புகுந்து வர வசதிதான். ஆனால் திருப்புவதற்குத் தேவையான பலம் கூடும். 195 கிலோ எடையுள்ள வண்டியை, இரண்டு பேரைச் சுமந்தபடி, மெதுவான வேகத்தில் வளைவில் திருப்பும்போது அகலம்தான் உங்களுக்குத் துணை. முனையில் உள்ள நேரான பகுதி போதுமான நீளம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கிரிப், ஸ்விட்ச் பெட்டி, லீவரின் பிடி மூன்றும் வளைவு தொடங்குவதற்கு முன் அடங்க வேண்டும். பழையதில் எவ்வளவு நேர் நீளம் இருக்கிறதோ, புதியதிலும் அவ்வளவாவது வேண்டும். அழகாக இருக்கிறது என்று வாங்கிய பல ஹேண்டில்பார்கள் இந்த ஒரு அளவு பொருந்தாமல் வீட்டுப் பரணில் கிடக்கின்றன.

முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கிலேயே தனித்தனியாக மாட்டும் தாழ்வான கிளிப் ஆன் வகையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்கப் போகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: கிளாசிக்கில் விளக்கைச் சுற்றியுள்ள கூடும், ஃபோர்க்கின் மேல்பகுதியை மூடிய உறையும் இருப்பதால் அதற்கு இடமே இல்லை. கான்டினென்டல் ஜிடி போன்ற வண்டிகள் அதற்காகவே வடிவமைக்கப்பட்டவை; அவற்றில் சீட்டும் ஃபுட்ரெஸ்டும் கூட அந்த நிலைக்கு ஏற்பத்தான் இருக்கும்.

வெல்டிங் பட்டறை விஷயத்துக்கு வருகிறேன். அந்தத் தொழிலாளியின் கைத்திறன் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. கேட்டுக்கும் கிரில்லுக்கும் அவர் வளைத்துத் தருவது பல ஆண்டு நிற்கும். ஹேண்டில்பார் வேறு வேலை. தொழிற்சாலையில் பைப்பை வளைக்கும்போது உள்ளே தாங்கும் தண்டு வைத்து வளைப்பார்கள், அதனால் வளைவிலும் பைப் வட்டமாகவே இருக்கும். காஸ் வைத்துச் சூடாக்கி வளைத்தால் உட்பக்கம் சுருங்கும், வெளிப்பக்கம் மெலியும், வளைவு சப்பிப் போகும். இரும்பின் உறுதியும் சூட்டில் மாறிவிடும். அந்த இடத்தில் அதிர்வு நாள்தோறும் வேலை செய்யும். மயிரிழை விரிசல் பெயிண்டுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாது; ஒடியும்போதுதான் தெரியும், அது ஒடிவது பிரேக் பிடித்துப் பாரம் முழுவதும் கையில் விழும் நேரத்தில்தான். வண்டி விழுந்து வளைந்த ஹேண்டில்பாரை நிமிர்த்தி மறுபடி போடக் கூடாது என்று நான் யாரிடமும் சொல்வதற்கும் இதே காரணம்தான். உலோகம், விட்டம், அளவுகள் மூன்றையும் எழுத்தில் தராத எதையும் வாங்காதீர்கள். உங்கள் மாடலுக்கு நிறுவனமே துணைப்பொருளாக ஹேண்டில்பார் விற்கிறதா என்று முதலில் ஷோரூமில் கேட்டுவிடுங்கள்.

மாட்டுவதை வீட்டிலேயே செய்யலாம். அவசரம் மட்டும் கூடாது. பெட்ரோல் டேங்க்கின் மேல் தடித்த போர்வையை விரியுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். ஒவ்வொரு வயரும் எதன் முன்னால், எதன் பின்னால் போகிறது என்று செல்போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். மாலையில் அந்தப் படங்கள்தான் காப்பாற்றும். முன் பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றியதும், டிஸ்க் ஆயில் டப்பா நிமிர்ந்தே இருக்கும்படி கயிற்றால் கட்டி வையுங்கள். ஓஸில் தொங்கவிடக் கூடாது, தலைகீழாகவும் சாய்க்கக் கூடாது. சாய்ந்தால் காற்று உள்ளே போகும். ஆயில் ஒரு துளி பெயிண்டில் பட்டாலும் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், அது பெயிண்டை அரித்துவிடும். கிரிப்பைக் கழற்ற உள்ளே காற்று அடிக்கலாம், அல்லது சோப்புத் தண்ணீர் விட்டுத் திருகலாம். எண்ணெய் விடாதீர்கள். எண்ணெய் பட்ட கிரிப் பிறகு எந்தப் பசைக்கும் நிற்காது, பாதி வழியில் கையோடு கழன்று வரும்.

ஸ்விட்ச் பெட்டிகள் பைப்பில் சுற்றிவிடாமல் இருக்க உட்பக்கம் ஒரு சிறிய முளை இருக்கும். அதற்கான துளை பழைய பைப்பில் இருக்கும். புதிய பைப்பில் துளை இல்லாவிட்டால் போட வேண்டும். பலர் இந்த முளையை வெட்டிவிடுகிறார்கள். வெட்டினால் ஸ்விட்ச் பெட்டி மெல்லச் சுற்றும், வலது பக்கத்தில் ஆக்சிலேட்டர் வயரும் சேர்ந்து இழுபடும். எனவே துளை போடுவதுதான் முறை. ஆனால் எல்லாவற்றையும் மாட்டி, உட்கார்ந்து பார்த்து, கோணத்தை முடிவு செய்த பிறகே குறி வைத்துத் துளையிடுங்கள். முளை நுழையும் அளவுக்கு மட்டும், ஒரே ஒரு துளை. அதன் விளிம்பை அரம் கொண்டு மழுக்கிவிடுங்கள். வயரிங்கைப் பைப்புக்குள் விட்டு மறைக்கும் ஆசையில் பெரிய துளைகள் போடாதீர்கள்.

ஹேண்டில்பார் கழன்று கிடக்கும் நேரத்தில் இன்னொரு வேலையும் ஆகிவிடும். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். கடக் என்று ஆடினால், ஃபோர்க் திரும்பும் இடத்தில் உள்ள பேரிங்கான கோன் செட் தளர்ந்திருக்கிறது. புது ஹேண்டில்பார் போட்ட பிறகு வண்டி தள்ளாடுகிறது என்று வருகிறவர்களில் சிலருக்கு உண்மையான குறை இங்கேதான் இருக்கும்.

கிளாம்ப்பை இறுக்கும்போது, மூடியில் அம்புக்குறியோ புள்ளியோ இருந்தால் அது முன்பக்கம் வர வேண்டும். அப்படிப்பட்ட கிளாம்ப்பில் பொதுவாக முன் போல்ட்டை முதலில் முழுவதும் இறுக்கி, இடைவெளியைப் பின்பக்கம் விடுவார்கள். குறி எதுவும் இல்லாவிட்டால் முன்னும் பின்னும் இடைவெளி சமமாக இருக்கும்படி, ஒன்றுவிட்டு ஒன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். 8 மில்லிமீட்டர் போல்ட்டுகளுக்குப் பொதுவாக 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் போதும்; உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுவே முடிவு. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் பலம் கொண்டமட்டும் இறுக்கி மரையை அறுத்துவிட்டால், ஃபோர்க்கின் மேல்தட்டையே மாற்ற நேரிடும். லீவர்களின் பிடியைக் கொஞ்சம் குறைவாகவே இறுக்குங்கள்: ஓட்டும்போது நகரக் கூடாது, வண்டி விழுந்தால் ஒடியாமல் சுழல வேண்டும்.

எல்லாம் முடிந்த பிறகு செய்யும் சோதனைதான் மொத்த வேலையிலும் முக்கியமானது. ஹேண்டில்பாரை இரு கோடிகளுக்கும் திருப்புங்கள். கிரிப்புக்கும் டேங்க்குக்கும் நடுவே கையுறை போட்ட உங்கள் கட்டைவிரல் நசுங்காமல் இருக்க வேண்டும். பிறகு வண்டியை நியூட்ரலில் போட்டு, என்ஜினை ஓடவிட்டு, மறுபடியும் இரு கோடிகளுக்கும் மெதுவாகத் திருப்புங்கள். என்ஜின் சத்தம் இம்மியும் ஏறக் கூடாது. ஏறினால் ஆக்சிலேட்டர் வயர் இழுபடுகிறது என்று பொருள். அப்படியே ஓட்டினால், கொண்டை ஊசி வளைவில் முழுவதும் திருப்பிய நேரத்தில், நீங்கள் திருகாமலே வண்டி பாயும். இது ஒன்றுக்காக மட்டும் ஒருவர் வேலையைத் திரும்ப முதலிலிருந்து செய்தாலும் தகும். ஆக்சிலேட்டர் கிரிப்பிலும் கிளட்ச் லீவரின் அடியிலும் 2, 3 மில்லிமீட்டர் பிளே, அதாவது வயர் இழுக்கத் தொடங்கும் முன் சும்மா அசையும் தளர்வு, இருக்கட்டும். முன் பிரேக்கை அழுத்தி அரை நிமிடம் அப்படியே பிடியுங்கள். லீவர் மெல்ல உள்ளே போனால் வண்டியைத் தெருவில் இறக்காதீர்கள். பிரேக் லைட், ஹாரன், இண்டிகேட்டர், என்ஜினை நிறுத்தும் ஸ்விட்ச் எல்லாவற்றையும் ஹேண்டில்பார் நேராக இருக்கும்போதும் இரு கோடிகளிலும் போட்டுப் பாருங்கள். கண்ணாடிகளைத் திரும்ப அமைத்து, பின்னால் வரும் வண்டி முழுவதும் தெரிகிறதா, உங்கள் தோள்தான் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதல் ஓட்டம் தெருவுக்குள், தனியாக. 100 கிலோமீட்டர் ஓடியதும் எல்லாப் போல்ட்டுகளையும் ஒருமுறை சரிபார்த்துவிட்டு, அதன் பிறகு மனைவியை ஏற்றிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, போலீஸ். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் பதிவான விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உரிமையாளருக்கு விதிக்கலாம். ஹேண்டில்பாரின் வடிவம் ஆர்.சி.யில் எழுதப்படுவதில்லை, அதனால் 25 மில்லிமீட்டர் ரைசரை யாரும் கேட்பதை நான் பார்த்ததில்லை. 14 அங்குலம் அப்படியல்ல, தூரத்திலிருந்தே கண்ணில் படும். பைபாஸில் நிறுத்தும் அதிகாரியிடம் இதையெல்லாம் விளக்க நேரம் இருக்காது. காப்பீட்டு நிறுவனத்துக்கு மாற்றத்தைப் பற்றி ஒரு மின்னஞ்சல் அனுப்பி, பதிலைப் பத்திரமாக வையுங்கள். விபத்துக்குப் பிறகு தெரிவிப்பதற்கும் முன்பே தெரிவித்திருப்பதற்கும் வித்தியாசம் நிறைய. வண்டி இன்னும் வாரண்டியில் இருந்தால், மின்கம்பிகளை வெட்டி ஒட்டுவதற்கு முன் ஷோரூமில் கேட்டுவிடுங்கள். வெட்டிய வயரிங்குக்கு வாரண்டி கிடைக்காது என்று வைத்துக்கொள்வதே நல்லது.

ஆக்சிலேட்டர் வயரைப் பார்த்து, கோணத்தையும் லீவரையும் திருத்தி, ஒரு முறை மலை ஏறி இறங்கிய பிறகு எழுதுங்கள். எந்த விரல் எத்தனை நிமிடத்தில் மரத்தது, பக்கவாட்டுப் புகைப்படத்தில் முழங்கை எப்படி இருக்கிறது, மேலே எவ்வளவு, பின்னே எவ்வளவு என்ற இரண்டு எண்கள் ஆகியவை இருந்தால், எந்த ரைசர், எந்த நீளப் போல்ட் என்று பெயர் சொல்லியே எழுதுகிறேன்.